உடைஞ்சது வண்டியா, ஓட்டினவங்க தப்பா?

இந்த எபிசோடு ஒரு வீட்டுக் கதையில ஆரம்பிச்சு, பாரிஸ் வரைக்கும் போய், திரும்ப பள்ளிகொண்டாவுக்கே வரும். கூடவே வாங்க.

எங்க பெரியம்மா ஊர் பள்ளிகொண்டா. சென்னை - பெங்களூரு ஹைவேல போறவங்களுக்கு அது வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவுல வர்ற ஒரு டோல்கேட். கோயிலுக்குப் போறவங்களுக்கு, பாலாத்தங்கரைல ரங்கநாதர் படுத்திருக்கிற ஊர். எனக்கு, பெரியம்மா பொண்ணு, அதாவது எங்க அக்கா இருக்கிற ஊர். அக்கா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனில குவாலிட்டி லேப்ல வேலை பார்க்குது. தினமும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்லதான் போய் வரும்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிச்சு சர்வீஸ் ரோட்ல வந்துட்டு இருந்தப்போ, ஒரு சின்ன மேட்டுல ஏறி இறங்குச்சு. அவ்வளவுதான். முன் சக்கரம் உள்பக்கமா மடங்கிடுச்சு. அக்கா கீழே விழுந்து மணிக்கட்டுல எலும்பு விட்டுப்போச்சு. ஸ்பீடு முப்பது கூட இருக்காதுங்குது.

சர்வீஸ் சென்டர்ல வண்டியைப் பார்த்த பையன் சொன்ன முதல் வார்த்தை: "பள்ளத்துல விட்டிருப்பீங்க மேடம்."

எந்த கம்பெனி வண்டின்னு நான் சொல்லப்போறதில்லை. ஏன்னா இந்த எபிசோடு ஒரு வண்டியைப் பத்தினது இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பத்தினது. "நீங்கதான் ஏதோ பண்ணியிருப்பீங்க." சாப்ட்வேர்ல இருக்கிற நமக்கு இது ரொம்ப பழக்கமான டயலாக். பக் ரிப்போர்ட் வந்ததும் "யூசர் எர்ரர்"னு எழுதி டிக்கெட்டை மூடுவோம் இல்லையா? நானே மூடியிருக்கேன். இந்தப் பழக்கத்துக்கு கிட்டத்தட்ட 180 வருஷ வரலாறு இருக்கு.

1842 மே 8. பிரான்ஸ்ல வெர்சாய் அரண்மனைல ராஜா விழா முடிஞ்சு, ஜனங்க பாரிஸுக்கு ரயில்ல திரும்புறாங்க. முன்னாடி இருந்த என்ஜினோட அச்சு உடையுது. பின்னாடி வந்த பெட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறித் தீப்பிடிக்குது. அந்தக் காலத்துல பயணிகள் உள்ளே இருக்கும்போது பெட்டிக் கதவை வெளியே பூட்டுற வழக்கம். 50 பேருக்கு மேல செத்துப்போனாங்க. உலகத்தையே கப்பல்ல சுத்தி வந்த டுமாண்ட் டர்வில்ங்கிற கடலோடியும் குடும்பத்தோட அதுல போயிட்டார்.

கேள்வி என்னன்னா, தினமும் ஓடிட்டிருந்த ஒரு நல்ல இரும்பு அச்சு, திடீர்னு ஏன் உடையணும்? அப்போ பல பேர் நம்பினது, ஓடி ஓடி அதிர்வுல இரும்போட குணமே மாறி, உள்ளுக்குள்ள படிகமா ஆயிடுதுன்னு. ஸ்காட்லாந்து இன்ஜினியர் ராங்கின், அப்போ இருபத்தஞ்சு வயசு கூட ஆகலை, உடைஞ்ச அச்சுகளை எடுத்துப் பார்த்தார். அச்சோட தடிமன் மாறுற இடத்துல, அந்த மூலைல, ஒரு சின்ன விரிசல் ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போயிருக்குன்னு 1843லயே எழுதினார்.

அதுக்கப்புறம் ஜெர்மனில ஆகஸ்ட் வோலர்னு ஒரு ரயில்வே இன்ஜினியர். அவர் ஒரு மெஷின் கட்டினார். அச்சுல சுமையைக் கொடுத்து, சுத்த விட்டுட்டே இருக்கிறது. எத்தனை தடவை சுத்தினா உடையுதுன்னு எண்றது. ஆயிரம், லட்சம், கோடின்னு போகும். அவர் கண்டுபிடிச்சது இதுதான்: ஒரே அடியில உடைக்கத் தேவைப்படுற பலத்தை விட ரொம்பக் குறைச்சலான பலமே, திரும்பத் திரும்ப விழுந்தா, உலோகத்தை உடைச்சிடும். இன்னைக்கு இதை உலோகச் சோர்வுன்னு சொல்றோம். எனக்கு மெட்டீரியல் சயன்ஸ் பேப்பர்ல இது பதிமூணு மார்க் கேள்வி. படிச்சேன், எழுதினேன், மறந்தேன்.

அக்காவுக்கு நான் இதைப் போன்ல ரொம்ப சீரியஸா விளக்கினேன். அது சிரிச்சிட்டுச்சு. "இன்னாடா, இதைத்தானே நான் தினமும் பண்ணிட்டு இருக்கேன்?"

உண்மைதான். தோல் ஷாப்புல இருந்து வர்ற தோலை லேப்ல ஒரு மெஷின்ல மாட்டுவாங்க. பாலி ஃப்ளெக்ஸோமீட்டர்னு பேரு. ஒரு நிமிஷத்துக்கு நூறு தடவை தோலை மடக்கி மடக்கி நிமிர்த்தும். இருபதாயிரம், ஐம்பதாயிரம், லட்சம்னு எண்ணிட்டு, வெளியே எடுத்து வெடிப்பு விட்டிருக்கான்னு பார்ப்பாங்க. நடக்கும்போது ஷூ எங்கே மடங்குமோ அங்கே என்ன ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிறதுக்கு. "இழுத்துக் கிழிக்கிறது ஒரு டெஸ்ட், மடக்கிப் பார்க்கிறது இன்னொரு டெஸ்ட். ஷூ வெடிச்சிடுச்சுன்னா, நீங்க ஏன் நடந்தீங்கன்னு பாரின் பையர்கிட்ட கேக்க முடியுமாடா?" அப்படின்னுச்சு.

இந்த இடத்துல நான் கொஞ்ச நேரம் பேசலை.

சரி, கார் காலத்துக்கு வருவோம். 1960 மாடலா அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் கோர்வேர்னு ஒரு கார் விட்டாங்க. என்ஜின் பின்னாடி. பின் சக்கர சஸ்பென்ஷன் ஒரு மாதிரி டிசைன். வேகமா வளைஞ்சா சக்கரம் உள்பக்கமா மடங்கி வண்டி கவிழ வாய்ப்பு இருந்துச்சு. இதைச் சமாளிக்க கம்பெனி கண்டுபிடிச்ச வழி, டயர் காத்து. முன்னாடி 15, பின்னாடி 26 பவுண்டு வைக்கணும்னு கையேட்டுல எழுதிட்டாங்க. கவனிங்க, டிசைன்ல இருந்த பிரச்சனை மெதுவா ஓனரோட வேலையா மாறிடுச்சு. நம்ம எத்தனை பேர் வண்டிக் கையேட்டைப் படிக்கிறோம்?

1965ல ரால்ஃப் நாடர்ங்கிற இளம் வக்கீல் ஒரு புத்தகம் எழுதினார். அதோட முதல் அத்தியாயமே கோர்வேர். கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? சஸ்பென்ஷனை விட்டுட்டு நாடர் பின்னாடி துப்பறியும் ஆளுங்களை அனுப்புச்சு. விஷயம் வெளியே வந்து, 1966 மார்ச்ல கம்பெனி தலைவர் செனட் கமிட்டி முன்னாடி மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் அமெரிக்காவுல வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. இன்னைக்கு நாம சொல்ற ரீகால்ங்கிற ஏற்பாட்டுக்கு வேர் அங்கதான்.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லிடணும். 1972ல அமெரிக்க அரசோட பாதுகாப்பு அமைப்பே ஒரு ஆய்வு பண்ணி, அந்தக் காலத்து மத்த கார்களை விட கோர்வேர் மோசம் இல்லைன்னு சொல்லுச்சு. அதாவது, குற்றம் சாட்டுறவங்க சொல்றது எல்லாமே சரின்னும் கிடையாது. அதனாலதான் எண்ணிப் பார்க்கணும், டெஸ்ட் பண்ணணும். ரெண்டு பக்கமும் வாயாலயே பேசிட்டு இருந்தா ஒண்ணும் தெரியாது.

இப்போ எலக்ட்ரிக் காலம். பேட்டரி கார் அதே சைஸ் பெட்ரோல் காரை விட கணிசமா வெயிட்டு. மோட்டார் நின்ன இடத்துல இருந்தே முழு இழுவையைக் கொடுக்கும். ரெண்டும் சேர்ந்து சக்கரம், பால் ஜாயின்ட், போல்ட் எல்லாத்து மேலயும் வந்து இறங்குது.

2016ல டெஸ்லா மாடல் எஸ் காரோட சஸ்பென்ஷன் பத்தி புகார்கள் வந்தப்போ, ஒரு ஓனருக்கு சலுகை விலைல ரிப்பேர் பண்ணிக் கொடுத்துட்டு, ஒரு 'நல்லெண்ண ஒப்பந்தத்துல' கையெழுத்து வாங்கியிருந்தாங்க. அதோட வார்த்தைகள், ஓனர் அரசுகிட்ட புகார் பண்ணக் கூடாதுன்னு நினைக்க வைக்கிற மாதிரி இருக்குன்னு அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பு கண்டிச்சுது. அப்படி ஒரு நோக்கமே இல்லைன்னு டெஸ்லா மறுத்துது. 2020 அக்டோபர்ல சீனாவுல சஸ்பென்ஷன் குறைக்காக கிட்டத்தட்ட 30,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைச்சாங்க. அதே நேரம் அமெரிக்க அரசுக்கு எழுதின கடிதத்துல, குறை எதுவும் இல்லை, சீனாவுல ஓட்டுறவங்க வண்டியை முரட்டுத்தனமா ஓட்டுறாங்கன்னு காரணம் சொன்னாங்க. "பள்ளத்துல விட்டிருப்பீங்க மேடம்." அதேதான், லெட்டர்பேட்ல.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு. 2022 ஜூன்ல டொயோட்டா, தன்னோட புது எலக்ட்ரிக் கார் பிஇசட்4எக்ஸ்ல சக்கர போல்ட் தளர்ந்து சக்கரமே கழண்டு வரலாம்னு சொல்லி, சுமார் 2,700 கார்களைத் திரும்ப அழைச்சுது. வித்து ரெண்டு மாசம் கூட ஆகலை. 'சரி பண்ற வரைக்கும் ஓட்டவே ஓட்டாதீங்க'ன்னு சொன்னாங்க. கம்பெனிக்கு அது பெரிய அவமானம்தான். ஆனா ஓட்டுறவங்க மேல பழி போடலை.

இப்போ நம்ம ஹைவேக்கு வாங்க. பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு கிழக்கே ராணிப்பேட்டைல 2021 நவம்பர்ல ஆம்பியர் ஸ்கூட்டர் ஃபேக்டரி திறந்தாங்க. மேற்கே போனா கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளில ஓலா, சூளகிரில சிம்பிள் எனர்ஜி, ஓசூர்ல ஏத்தர், டிவிஎஸ். தோல் பெல்ட்டுன்னு பேர் எடுத்த ரோடு இப்போ ஸ்கூட்டர் பெல்ட்டும்தான்.

ஓலா எஸ்1 2021 ஆகஸ்ட் 15 அன்னைக்கு அறிமுகமாச்சு. முன் சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிருக்கிற ஃபோர்க். அந்த டிசைனே தப்புன்னு சொல்ல முடியாது. 1946ல வந்த வெஸ்பால இருந்து நம்ம தாத்தா ஓட்டின சேத்தக் வரைக்கும் ஒரு பக்கப் பிடிதான். ஆனா 2022 மே மாசம், முன் ஃபோர்க் முறிஞ்ச ஸ்கூட்டர் படங்கள் வர ஆரம்பிச்சுது. ரோட்டுல 50,000 ஸ்கூட்டருக்கு மேல ஓடுது, இதெல்லாம் பலமான மோதலால நடந்த தனிப்பட்ட சம்பவங்கள்னு கம்பெனி சொல்லுச்சு. 2023 ஜனவரில ஃபோர்க் முறிஞ்சு ஒரு பெண் ஐசியூ வரைக்கும் போன செய்தி வந்துச்சு. மார்ச்ல, பழைய ஃபோர்க்கும் பாதுகாப்பானதுதான்னு சொல்லிக்கிட்டே, பலப்படுத்தின புது ஃபோர்க்கை இலவசமா மாத்தித் தர்றோம்னு அறிவிச்சாங்க. அதை ரீகால்னு சொல்லலை, அப்கிரேடுன்னாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல வந்த ரெண்டாம் தலைமுறை எஸ்1 ப்ரோல ரெண்டு பக்கமும் பிடிக்கிற சாதாரண ஃபோர்க் வந்திடுச்சு.

பேர்ல என்ன இருக்குன்னு கேக்கலாம். இருக்கு. 2022 மார்ச்ல நம்ம வேலூர்லயே, வீட்டுல சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, ஒரு அப்பாவும் பொண்ணும் புகையில மூச்சுத் திணறி இறந்தாங்க. அந்தச் சமயம் நாடு முழுக்க தீ வீடியோக்கள். ஏப்ரல்ல ஒகினாவா 3,215 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைச்சுது. பேட்டரி விதிகளை அரசு கடுமையாக்குச்சு. தீ எல்லாருக்கும் தெரியும், அதை யாரும் பள்ளத்துல விட்டதுன்னு சொல்ல முடியாது. முறிஞ்ச சக்கரம் அப்படி இல்லை. பார்க்கிறவங்க கண்ணுக்கு அது வெறும் ஆக்சிடென்ட்.

நம்ம நாட்டுல 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. குறை உள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவு போடலாம். 2021 ஏப்ரல் 1ல இருந்து விதிகள் அமல்ல இருக்கு. 7 வருஷத்துக்குள்ள இருக்கிற வண்டிகளுக்குப் பொருந்தும். ஆனா அந்த விதியை ஓட வைக்கிறது புகார்களோட எண்ணிக்கை. வித்த வண்டில இத்தனைக்கு இத்தனை புகார் வந்தாத்தான் நகரும்.

சிக்கல் இங்கதான். ஒவ்வொரு முறிஞ்ச ஃபோர்க்கும் "வாடிக்கையாளர் தவறு"ன்னு சர்வீஸ் சென்டர்லயே மூடப்பட்டா, எண்ணிக்கை எப்பவும் ஒண்ணுதான். நூறு ஊர்ல நூறு ஒண்ணு. வோலர் மெஷின் பக்கத்துல உக்காந்து எண்ணினார். நம்மகிட்ட எண்றதுக்கே ஆள் இல்லாம போயிடுது.

அக்கா கதைக்கு வர்றேன். உடைஞ்ச துண்டை அது போட்டோ எடுத்து வெச்சிருந்துச்சு. லேப்ல வேலை பார்க்கிற புத்தி. உடைஞ்ச முகத்துல ஒரு பாதி மங்கலா, வழவழன்னு, துரு ஏறினாப்ல; மீதி பளபளன்னு சொரசொரப்பா. பழைய விரிசல் மெதுவா வளர்ந்து, மிச்சம் கடைசியா ஒரே நொடில முறிஞ்சா இப்படித்தான் இருக்கும். அதுதான் நடந்ததுன்னு ஒரு போட்டோவை வெச்சு நான் சர்டிபிகேட் கொடுக்க முடியாது. ஆனா அந்தக் கேள்வியையாவது யாராவது கேட்டிருக்கணும்.

கேக்கலை. பாதி விலைல மாத்தித் தர்றோம்னாங்க. கூடவே ஒரு பேப்பர், வெளி மோதலால் சேதம்னு. வேலைக்குப் போக வண்டி வேணும். டவுன் பஸ்ல ரெண்டு மாசம் தொங்கிப் போன அக்கா கையெழுத்துப் போட்டுச்சு. நான் கோவப்பட்டேன். "நீ பெங்களூர்ல உக்காந்துட்டு கோவப்படுவ. காலைல ஆறு மணி ஷிப்டுக்கு நீயா வந்து கூட்டிட்டுப் போவ?" என்கிட்ட பதில் இல்லை.

ஆனா அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகாரைப் பதிவு பண்ணோம், போட்டோவோட. இதனால என்ன ஆகப்போகுதுன்னு தோணலாம். 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு நோட்டீஸ் அனுப்புச்சே, அதுக்கு அடிப்படை ஒரு வருஷத்துல அந்த உதவி எண்ணுக்கு வந்த 10,000க்கும் மேற்பட்ட புகார்கள்தான். பெரும்பாலும் சர்வீஸ், டெலிவரி பத்தினது. 99 சதவீதத்துக்கு மேல தீர்த்துட்டோம்னு கம்பெனி சொல்லுச்சு. அது இருக்கட்டும். எண்ணிக்கைன்னு ஒண்ணு இருந்ததாலதானே பதில் சொல்ல வேண்டி வந்துச்சு?

அதனால ரெண்டே ரெண்டு விஷயம். வண்டில எது உடைஞ்சாலும், துண்டைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி உடைஞ்ச முகத்தைத் தெளிவா போட்டோ எடுங்க. கையெழுத்துப் போட வேண்டிய நிலைமை வந்தாலும் வரட்டும், புகாரை மட்டும் பதிவு பண்ணாம விடாதீங்க.

நான் இந்த வாரம் ஆபீஸ்ல யூசர் எர்ரர்னு மூடின மூணு டிக்கெட்டைத் திரும்பத் திறந்தேன். ரெண்டு நிஜமாவே யூசர் எர்ரர். ஒண்ணு என் தப்பு.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். பள்ளம் பார்த்து ஓட்டுங்க.