குடசம்: ஒரு பெயரும் இரு மரங்களும்

குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் வரும் 'குடசம்' வெட்பாலை எனப் பொருள் கொள்ளப்படுகிறது. ஆனால் வெட்பாலை என்பது இரு மரங்களுக்கு வழங்கும் பெயர். சரக சங்கிதை கழிச்சல் நோய்க்குக் கூறும் குடசம் அவற்றுள் குடசப்பாலை; மற்றொன்று ரைட்டியா இனம். 1678இல் வெளிவந்த 'ஓர்த்துசு மலபாரிக்குசு' முதல் தொகுதி குடசப்பாலையைக் 'கொடகப்பாலா' எனப் படத்துடன் காட்டிற்று. 1753இல் லின்னேயசு இட்ட பெயரின்கீழ் இதுவும் இலங்கை ரைட்டியாவும் கலந்தன. ஐரோப்பாவிற்குச் சென்ற குடசப்பாலைப் பட்டையோடு ரைட்டியாப் பட்டையும் கலக்கவே, சீதபேதி மருந்தென்னும் அதன் மதிப்புக் குன்றியது. 1858இல் எயின்சு குடசப்பாலைப் பட்டையினின்று கொனெசின் என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தார். குடசப்பாலையின் இரட்டைக் காய்கள் தனித்தனியே தொங்குவன. வெட்பாலை எனப்படும் ரைட்டியாவின் இளங்காய்கள் நுனியில் ஒட்டியிருப்பன. ஆகவே இலக்கியத் தாவரங்களுக்கு உரை காண்போர் அகராதிப் பொருளோடு அமையாது, மரத்தின் உறுப்புகளையும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.