வினாவிடைப் போட்டியும் சுற்று முறையும்

மட்டக்களப்பு நாட்டார் போட்டிக்குப் புதியவரல்லர். கண்ணகி வழிபாட்டை ஒட்டி எம் முன்னோர் நடத்திய கொம்புமுறி விளையாட்டில், ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து நின்று பொருதினர். கட்சி இரண்டே உள்ளவிடத்து, யார் யாருடன் மோதுவது என்ற கேள்விக்கு இடமில்லை. மூன்றாவது கட்சியொன்று வந்து சேர்ந்தால் அக்கேள்வி பிறக்கின்றது. எட்டுக் கட்சிகள் வந்துவிட்டாலோ, போட்டியை நடத்துவோருக்கு அதுவே தலையாய கவலையாகின்றது.

இந்நாளிற் பாடசாலைகளும் இளைஞர் சங்கங்களும் வினாவிடைப் போட்டிகளை விருப்போடு நடத்துகின்றன. நல்ல வினாக்களைத் தேடுவதற்கும், பரிசில்களைச் சேர்ப்பதற்கும், தலைமை தாங்கப் பெரியோரை அழைப்பதற்கும் நாம் பலநாள் முயல்கின்றோம். ஆயின், எந்த அணி எந்த அணியை எப்பொழுது சந்திப்பது என்பதைப் போட்டியன்று காலையிற் சீட்டுக் குலுக்கித் தீர்த்துவிடுகின்றோம். தோற்ற அணி உடனே விலகவேண்டும் என்பதே பெரும்பாலும் விதி. வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, ஓடமேறித் துறை கடந்து வந்த மாணாக்கர், அரைமணி நேரம் மேடையில் அமர்ந்துவிட்டு வந்த வழியே திரும்புகின்றனர். அவர்கள் அறிவிற் குறைந்தவரா, அன்றிச் சீட்டின் பயனாய் வல்ல அணியை முதலிற் சந்தித்தவரா என்பதை அறிய வழியில்லை. இது முறையா? இவ்வினாவை எமக்கு முன்னரே உலகில் வேறு பலரும் எழுப்பி விடை கண்டுள்ளனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாய்க் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த வழி

ஒவ்வோர் அணியும் மற்றெல்லா அணிகளையும் ஒருமுறை சந்திக்கும் அமைப்பை நாம் சுற்று முறை என்போம். ஆங்கிலேயர் இதனை 'றவுண்ட் றொபின்' என்பர். அச்சொல் முதலிற் போட்டியைக் குறித்ததன்று. கப்பலில் வேலை செய்த மாலுமிகள் தம் குறைகளை மேலதிகாரிக்கு எழுதும்போது, முதலிற் கையொப்பமிட்டவனே தலைவன் எனப் பிடித்துத் தண்டிப்பார்கள் என அஞ்சி, யாவரும் வட்டமாகக் கையொப்பமிட்டனர். அத்தகைய விண்ணப்பத்துக்கே அப்பெயர் வழங்கிற்று. கற்றோரும் இவ்வழியைக் கையாண்டதுண்டு. 1776ஆம் ஆண்டிற் கவிஞர் கோல்ட்ஸ்மித்தின் நினைவுக்கல்லுக்கு டாக்டர் ஜோன்சன் இலத்தீனில் வாசகம் எழுதினார். அது ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என நண்பர்கள் எண்ணினர். எனினும் ஜோன்சனிடம் முதலிற் பெயரிட்டுச் சொல்லும் துணிவு ஒருவருக்கும் இல்லை. எட்மண்ட் பேர்க், கிபன், றெயினோல்ட்ஸ் முதலிய பேரறிஞர்கள் வட்டக் கையொப்பமிட்டே அவ்வேண்டுகோளை அனுப்பினர். வட்டத்தில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. போட்டிக்கு இப்பெயர் பொருந்தியதும் இதனாலேயே எனலாம்.

சதுரங்கம் கற்பித்த பாடம்

1851இல் இலண்டன் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடந்த காலத்து, முதலாவது சர்வதேச சதுரங்கப் போட்டியும் அங்கு நடைபெற்றது. வந்தவர் பதினாறு பேர். சீட்டுக் குலுக்கி இணை சேர்த்தனர். தோற்றவர் பட்டத்துக்கான வழியினின்று விலகினர். ஜேர்மனியரான அடொல்ஃப் அண்டர்சன் வாகை சூடினார். அவர் தகுதியுடையவரே. ஆயின், அக்காலத்து வல்லுநருள் ஒருவராய்ப் பாரிசிலிருந்து வந்த கீசெரிட்ஸ்கி, முதற் சுற்றிலேயே அண்டர்சனைச் சந்திக்க நேர்ந்தமையால் வெளியேறினார். அங்கேரி நாட்டு ஸேன் என்பாரும் இரண்டாம் சுற்றில் அவரையே சந்தித்துத் தோற்று, ஐந்தாம் இடத்தையே அடைந்தார். முதல்வனைக் கண்டுபிடிக்க இம்முறை உதவலாம். இரண்டாமவன் யார், மூன்றாமவன் யார் என்பதைச் சொல்ல இதனால் இயலாது என்பது தெளிவாயிற்று.

பதினொரு ஆண்டு கழித்து, 1862இல், அதே இலண்டனிற் பதினான்கு பேர் கூடிய போட்டியில் யாவரும் யாவருடனும் ஆடவேண்டும் என்று வகுத்தனர். அப்போதும் அண்டர்சனே வென்றார். இம்முறை அவர் வெற்றியைப் பற்றியோ பிறர் பெற்ற இடத்தைப் பற்றியோ சீட்டின்மேற் பழிபோட இடமிருக்கவில்லை.

உதைபந்தாட்டத்திலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 1871இல் தொடங்கிய இங்கிலாந்துக் கிண்ணப் போட்டி, ஹறோ பாடசாலை விடுதிகளுக்கிடையே வழங்கிய விலகல் முறையைப் பின்பற்றி எழுந்தது. 1888இல் வில்லியம் மக்கிறெகர் என்பாரின் முயற்சியாற் பன்னிரண்டு கழகங்கள் சேர்ந்து லீக் ஒன்றை அமைத்தன. ஒவ்வொரு கழகமும் மற்றைய பதினொரு கழகங்களையும் சொந்த ஊரில் ஒருமுறையும் அயலூரில் ஒருமுறையும் சந்தித்தது. இன்று நாம் 'லீக் முறை' எனச் சொல்லும் வழக்கு அங்கிருந்தே வந்தது.

கிரிக்கெற் பிரியரான எம் இளைஞருக்கு 1992ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை நினைவூட்டினாற் போதும். ஒன்பது அணிகளும் ஒன்றையொன்று சந்தித்த அப்போட்டியிற் பாகிஸ்தான் முதல் ஐந்து ஆட்டங்களில் ஒன்றிலே மாத்திரமே வென்றது. முடிவிற் கிண்ணத்தை ஏந்தியதும் அதுவே. விலகல் முறையாயின் அவ்வணி முதல் ஆட்டத்தோடு ஊர் திரும்பியிருக்கும்.

கணித அறிஞரும் பாடசாலைச் சிறுமியரும்

யாவரும் யாவருடனும் மோதவேண்டும் என்று சொல்வது எளிது. ஒழுங்கு வகுப்பது அரிது. எட்டு அணிகளெனில் ஆட்டங்கள் இருபத்தெட்டு. ஒரே வேளையில் எல்லா அணிகளும் ஆடி, ஒன்றும் வீணே காத்திராமல், ஏழு சுற்றில் அவ்விருபத்தெட்டையும் முடிக்க வேண்டும். மனம்போனபடி இணைசேர்க்கத் தொடங்கினால், இறுதிச் சுற்றுகளில் முன்னர் சந்தித்தவர்களே எஞ்சி நிற்பர்.

இங்கிலாந்தில் இலங்காஷயரிலே ஒரு சிற்றூர்க் குருவாய் இருந்த தோமஸ் கேர்க்மன், கணிதத்தில் நாட்டமுடையவர். அவர் 1850இல் ஒரு புதிரை வெளியிட்டார். பாடசாலைச் சிறுமியர் பதினைவர் நாள்தோறும் மும்மூவராய் வரிசைகட்டி உலாவச் செல்கின்றனர். ஏழு நாளில் எந்த இருவரும் இருமுறை ஒரே வரிசையில் வாராதபடி ஒழுங்கு செய்க என்பதே அப்புதிர். 1883இல் பிரான்சு நாட்டுக் கணிதர் எடுவார்ட் லூக்காஸ் தம் கணித விளையாட்டு நூலிற் சிறுமியர் இருவிருவராய் உலாவும் கணக்கை எடுத்து, வலெக்கி என்ற ஆசிரியர் கண்ட வட்ட வழியை விளக்கினார். பின்னர் 1886இல் றிச்சாட் ஷூரிக் என்பாரும், 1890களில் ஒஸ்திரிய சதுரங்க வீரர் யோஹான் பேர்கரும் அட்டவணைகளை வெளியிட்டனர். சதுரங்கப் போட்டிகளில் இன்றும் பேர்கர் பெயராலேயே அவ்வட்டவணைகள் வழங்குகின்றன.

எழுவர் வட்டம்

அவ்வட்ட வழி யாது? தமிழர் அதனை எளிதில் மனத்திற் பதிப்பதற்குச் சிலப்பதிகாரமே துணை செய்கின்றது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி, எழுவர் கன்னியர்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைப் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகின்றாள். ஒவ்வோர் இசையும் முறையே குரலாக நிற்க, ஒவ்வொரு பாலை பிறக்கும் என்பது பழந்தமிழ் இசைமரபு. காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற எம் விபுலாநந்த அடிகளார், 1947இல் வெளியான யாழ் நூலில் இவ்வட்டப்பாலையின் நுட்பத்தைக் கணிதங் கொண்டு விளக்கியுள்ளார். இசை நூலாருக்குப் போட்டி அட்டவணை நோக்கமன்று. எனினும், வட்டத்தில் நின்றோர் முறையே இடம் மாற ஒவ்வொருவருக்கும் தலைமையிடம் வாய்க்கும் என்ற அமைப்பு இரண்டுக்கும் பொதுவாகும்.

ஏழு அணிகளை வட்டமாக எழுதுக. முதலாம் அணி உச்சியில் நிற்கட்டும். அச்சுற்றில் அதற்கு ஓய்வு. அதன் இருபுறத்தும் உள்ள இரண்டாம், ஏழாம் அணிகள் ஒரு சோடி. மூன்றும் ஆறும் ஒரு சோடி. நான்கும் ஐந்தும் ஒரு சோடி. அடுத்த சுற்றில் இரண்டாம் அணி உச்சிக்கு வரும். அப்போது மூன்றும் ஒன்றும், நான்கும் ஏழும், ஐந்தும் ஆறும் மோதும். இவ்வாறு ஏழு முறை சுழற்றினால் இருபத்தொரு ஆட்டங்களும் முடியும். ஒவ்வோர் அணிக்கும் ஒரே ஓய்வு. எந்தச் சோடியும் இருமுறை வாராமைக்குக் காரணமும் எளிது. எழுவர் வட்டத்தில் எந்த இருவரை எடுப்பினும், அவ்விருவருக்கும் சமதூரத்தில் நிற்பவர் ஒருவரே. அவர் உச்சிக்கு வரும் சுற்றிலே மாத்திரம் அவ்விருவரும் எதிர்ப்படுவர். எட்டாவது அணி வந்தால் அதனை வட்டத்தின் நடுவே நிறுத்துக. உச்சியில் ஓய்ந்திருக்கும் அணியே அதற்கு எதிரணி.

வினாவிடைக்குரிய தனிச்சிறப்பு

நிற்க. பந்தாட்டத்துக்கில்லாத ஒரு தொல்லை வினாவிடைக்கு உண்டு. ஒரே பந்தை நூறுமுறை உதைக்கலாம். ஒருமுறை கேட்ட வினாவை, அதைக் கேட்டிருந்த அணியிடம் மறுமுறை கேட்க இயலாது. இருபத்தெட்டு ஆட்டங்களை ஒரே மண்டபத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தினால் இருபத்தெட்டு வினாத்தொகுதிகள் வேண்டும். வட்ட ஒழுங்குப்படி நான்கு வகுப்பறைகளில் ஒரே வேளையில் நடத்தினால், எல்லா அறைகளிலும் ஒரே தொகுதியைக் கேட்கலாம். ஏழு தொகுதிகளே போதும். யாவருக்கும் வினா ஒன்றாகையால், ஓர் அணிக்கு எளிய வினாவும் மற்றதற்குக் கடிய வினாவும் வந்தன என்ற முறைப்பாடும் எழாது. ஏழு அணிகளாயின், ஓய்வுபெறும் அணியினர் எந்த அறையினுள்ளும் இருத்தலாகாது.

அமெரிக்க வானொலியில் 1953இல் தொடங்கிய கல்லூரி வினாவிடையும், அதனைப் பின்பற்றி இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 1962இல் எழுந்த பல்கலைக்கழகப் போட்டியும், நேயர்க்காக ஒரு வேளைக்கு ஓர் ஆட்டமே நடத்தின. கல்கத்தாவில் 1967இல் நீல் ஓ'பிறையன் நடத்திய போட்டியே இந்தியாவில் முறைப்படி நடந்த முதலாவது பொது வினாவிடைப் போட்டி எனக் கொள்ளப்படுகின்றது. எமது பக்கத்தில் ஒரே மேடையிற் பல அணிகளை அமர்த்தி, ஓர் அணி விடுத்த வினாவை அடுத்த அணிக்குக் கொடுக்கும் வழக்கமே மிகுதி. அவ்வழக்கை விரும்புவோருக்கும் வழியுண்டு. கேர்க்மன் காட்டிய மும்மூவர் ஒழுங்கே அது. ஒன்று முதல் ஒன்பது வரை எண்களை மூன்று வரிசையாகச் சதுரத்தில் எழுதுக. முதற் சுற்றில் கிடைவரிசைகள்: 1-2-3, 4-5-6, 7-8-9. இரண்டாம் சுற்றில் நெடுவரிசைகள்: 1-4-7, 2-5-8, 3-6-9. மூன்றாவதிற் சாய்வரிசைகள்: 1-5-9, 2-6-7, 3-4-8. நான்காவதில் எதிர்ச்சாய்வுகள்: 1-6-8, 2-4-9, 3-5-7. ஒன்பது அணிகள், மூன்று அறைகள், நான்கு சுற்றுகள். எந்த இரண்டு அணிகளும் சரியாக ஒருமுறை ஒரே மேடையிற் சந்திக்கும். ஒரு பகலில் முடிக்கத்தக்கது.

காக்கவேண்டிய நெறிகள்

சுற்று முறையிலும் குற்றம் புகுவதுண்டு. 1982ஆம் ஆண்டு உலக உதைபந்தாட்டத்தில், ஸ்பெயின் நாட்டு கிகோன் நகரில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் தம் கடைசி ஆட்டத்தை ஆடின. அப்பிரிவில் அல்ஜீரியா தன் ஆட்டங்களை முன்னாளே முடித்துவிட்டது. ஜேர்மனி ஒரு கோலால் வென்றால் இரு நாடும் அடுத்த கட்டத்துக்குச் செல்லும் என்ற நிலை. பத்தாவது நிமிடமளவில் அந்தக் கோல் விழுந்தது. அதன்பின் இரு பக்கத்தாரும் பந்தை வீணே தட்டிக்கொண்டிருந்தனர். அல்ஜீரியா வெளியேறிற்று. அதன் விளைவாகவே, பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடைபெற வேண்டும் என்ற விதி வந்தது. நாமும் கடைசிச் சுற்றை எல்லா அறைகளிலும் ஒரே மணியோசையில் தொடங்குதல் வேண்டும்.

சம புள்ளி பெற்ற அணிகளை எவ்வாறு பிரிப்பது என்பதைப் போட்டிக்கு முன்னரே எழுதி ஒட்டுதல் வேண்டும். முடிவு தெரிந்தபின் வகுக்கும் விதி யாருக்கோ ஆதரவாகவே தோன்றும். அணிகளுக்கு எண் கொடுப்பதைச் சீட்டுக்கு விடலாம். ஆயினும் ஏழு அணிகளாயின் ஒரு சலுகை நியாயமானது. தொலைவிலிருந்து ஓடமேறி வரும் அணியை முதலில் உச்சியில் நிறுத்தினால், அதன் ஓய்வு முதற் சுற்றில் அமையும். துறையிற் சற்றுத் தாமதித்தாலும் அவர்கள் ஆட்டம் ஒன்றையும் இழக்கமாட்டார்கள்.

எம் நாட்டுப் பழங்கோயில்களில் திருவிழா நாட்களைக் குடிக்கும் ஊருக்கும் முறை வகுத்துப் பங்கிட்ட பெரியோர், ஒருவர் பங்கு மற்றவரால் விழுங்கப்படலாகாது என்பதை நன்கு அறிந்திருந்தனர். அந்த அறிவு எமக்குப் புதிதன்று. ஓர் ஏடும் எழுதுகோலும் கைமணியும் இருந்தாற் சுற்று முறையை எந்தச் சங்கமும் நடத்தலாம். நான்கு அறைக்கு நான்கு வினாவாசிப்போரும் நான்கு மத்தியஸ்தரும் வேண்டும். அப்பணிக்கு எம் மூத்த உறுப்பினர் முன்வருவார்களாயின் குறை ஒன்றும் இராது.

பரிசு ஓர் அணிக்கே உரியது. ஆனால், ஏழு ஆட்டம் ஆடிய மாணவன் தோற்றாலும் ஏழு தொகுதி வினாக்களையும், ஏழு ஊர் நண்பர்களையும் தன்னோடு கொண்டு செல்கின்றான். வருமாண்டுப் போட்டிக்கான நேரசூசியை எழுத அமரும் இளைஞர்கள், முதலில் ஒரு வட்டத்தை வரைந்துகொள்வார்களாக.