திருவாண்டார்கோயிலும் கைத்தொழிற் சாலைகளும்

புதுச்சேரியினின்று விழுப்புரஞ் செல்லும் பெருவழியில், மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்தது திருவாண்டார்கோயில். திருஞானசம்பந்தர் பாடியருளிய திருவடுகூர் இதுவே. அண்டையூராகிய திருபுவனையில் இராஜாதிராஜ சோழன் காலத்து 1048-ஆம் வருஷச் சாஸனமொன்று, 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் இருந்த வித்தியாசாலையைக் கூறுகின்றது. அதனைத் தாங்கியது வயல் விளைவே. அதன்பின் நெடுங்காலம் ஏரியும் கழனியுமன்றி இப்பக்கத்தார்க்கு வேறு ஜீவனம் பெரிதாக இருந்ததில்லை.

கூலி நாடினோர்க்குப் பட்டணத்துப் பஞ்சாலைகள் இருந்தன. அவ்வேலையும் எளிதிற் கிடைத்த பாக்கியமன்று. 1936 ஜூலை 30-இல் வேலைநிறுத்தஞ் செய்தோர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து 12 பேர் மாண்டனர். அதன் பின்னரே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி வேலை சட்டமாயிற்று. அந்த ஆலைகளுட் பெரியதாகிய ஏ.எப்.டி. 2020 ஏப்ரலோடு மூடப்பட்டுவிட்டது.

ஆலைகள் தளரும் முன்னரே தொழில் மேற்கே நகரத் தொடங்கிற்று. 1974-இல் சர்க்கார் பிப்டிக் என்னுங் கழகத்தை நிறுவித் தொழிற்பேட்டைகளை வகுத்தனர். திருபுவனையில் மின்னணுப் பூங்கா எழுந்தது. சலவை யந்திரஞ் செய்யும் வேர்ல்பூல் சாலையும் வந்தது. முதலாளிகள் இவண் வந்ததற்குக் காரணம் ஊரின் அழகன்று, வரிச் சலுகையே என்பதை நாம் மறைப்பானேன்? 2017 ஜூலை 1 முதல் தேசமெங்கும் ஒரே சரக்கு சேவை வரி வந்தபின், அவ்வனுகூலத்தின் பெரும்பகுதி போயிற்று.

இதனிடையே வேலையின் தன்மையும் மாறிற்று. பஞ்சாலையில் தந்தை நிரந்தரத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்றான், மகனோ ஐ.டி.ஐ. தேறியும் ஒப்பந்தக்காரனிடம் பெயர் பதிந்து, இவ்வருஷம் ஒரு சாலை, மறுவருஷம் வேறொரு சாலை என்று அலைகின்றான். நம் குடும்பங்களிலும் இதனை அறியாத வீடு அரிது. நிலத்தை விற்ற வீட்டுக்கு இது இரட்டைக் கஷ்டம். திரும்பிச் செல்லக் கழனியுமில்லை.

உள்ளூரார்க்கு முதலிடங் கொடுமின் என்று கேட்கத்தக்க இடம் கொம்யூன் பஞ்சாயத்தன்றோ? பிரெஞ்சுக்காரர் 1880-இலேயே கொம்யூன்தோறும் தேர்தலால் அமையுஞ் சபை வைத்தனர். சுதந்தரத்திற்குப் பின்னரோ 1968-இல் ஒரு தேர்தல். அடுத்தது 38 வருஷங் கழித்து 2006-இல். அதிற் தெரிந்தெடுக்கப்பட்டோர் காலம் 2011-இல் முடிந்தபின் பல்லாண்டுகள் உத்தியோகஸ்தரே நிர்வகித்து வந்தனர். தொழிற்சாலைகள் நம்மூர்க்கு வந்து பெருகிய ஆண்டுகளிற் பெரும்பாலானவை, ஊரார் சார்பாய்ப் பேச ஒரு பிரதிநிதியும் அமராத ஆண்டுகளே.