குறைந்த அமிலமெல்லாம் ஒட்டிய அமிலமா?

அசெட்டிக் அமிலக் கரைசலில் மரக்கரியைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, எஞ்சிய அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்ப்பது வேதியியல் செய்முறை வகுப்பில் பழகிப்போன பயிற்சி. தொடக்க அளவிலிருந்து எஞ்சியதைக் கழித்தால் கரிப்பரப்பு கவர்ந்த அமிலம் கிடைக்கும் என்பார்கள். சாம்பல் நீக்கிய கரிக்கு இந்தக் கழித்தல் சரி. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நாமே சுட்டெடுக்கும் கரிக்கு அது பொருந்தாது என்பதே என் வாதம்.

டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்தவை அவை. இவ்வட்டாரப் பேச்சில் நிலக்கடலை என்பது மல்லாட்டைதான். மல்லாட்டைத் தோலும் மரக்காணம் பக்கத்துச் சவுக்கும் நல்ல கரி தரும். ஆனால் கரியோடு சாம்பலும் வரும். சாம்பலில் கால்சியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் உண்டு. அவை அமிலத்தைக் கவர்வதில்லை, தின்றுவிடுகின்றன. தரம் பார்க்கும்போது இரண்டும் ஒரே குறைவாகத்தான் தெரியும்.

எவ்வளவு பிசகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.4 மோலார் அமிலம் 50 மி.லி., கரி 1 கிராம். 5 மி.லி. எடுத்து 0.1 மோலார் காரத்தால் தரம் பார்த்தால் முதலில் 20.0 மி.லி., கரியிட்டபின் 18.0 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 2 மில்லிமோல். அந்தக் கரியில் 50 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் இருந்தால், அது 0.5 மில்லிமோல், 1 மில்லிமோல் அமிலத்தை அது தீர்த்துவிடும். ஆக, கவர்ந்ததாக எழுதியதில் பாதி பொய். அந்த 2 மில்லிமோலை ஒற்றையடுக்கு என்று கொண்டு, மூலக்கூறு ஒன்றுக்கு 0.21 சதுர நானோமீட்டர் வீதம் பரப்பளவு கண்டால் 253 சதுர மீட்டர் வரும்; உண்மையில் வரவேண்டியது 126.

இதைவிட மோசமானது, கவர்ந்த அளவைச் செறிவின் ஓர் அடுக்காகச் சொல்லும் ஃபிராய்ண்ட்லிக் சமன்பாட்டுக்கு நேர்வது. கரைசல் எவ்வளவு செறிவாக இருந்தாலும் சாம்பல் தின்பது அதே 1 மில்லிமோல்தான். ஆகவே நீர்த்த கரைசல்களில் பொய்யின் பங்கு கூடுகிறது. உண்மையான அடுக்கு 0.5 என்போம். சமநிலைச் செறிவு 0.36 மோலாரில் 1 மில்லிமோலும், 0.04 மோலாரில் 0.33 மில்லிமோலும் கவரப்பட வேண்டும். இரண்டோடும் 1 சேர்ந்தால் 2.0, 1.33. மடக்கை வரைபடத்தின் சாய்வு 0.18 ஆகச் சரிகிறது. அடுக்கு சிறுத்தால் கவர்ச்சி வலுவானது என்று படிப்பது வழக்கம். சாம்பல் மிகுந்த கரி உயர்ந்த கரியாகப் பெயர் வாங்குவது இப்படித்தான்! இரண்டே புள்ளி என்பதால் இங்கே கோடு நேராகத்தான் இருக்கும். ஐந்தாறு புள்ளி வைத்தாலும் வளைவு மெல்லியது; அளவியில் 0.1 மி.லி. பிசகினாலே மேற்சொன்ன 2.0 மி.லி. வித்தியாசத்தில் 5 விழுக்காடு போய்விடும் என்பதால், அந்த வளைவைக் கைப்பிழை என்று தள்ளிவிடுவோம்.

1785-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியலாளர் லோவிட்ஸ் டார்டாரிக் அமிலக் கரைசலின் பழுப்பு நிறத்தைக் கரியால் நீக்கினார். அவருக்கு வேண்டியது கரைசலில் நின்ற அமிலம். நமக்கு வேண்டியது கரியில் நின்றது. அதனால்தான் இத்தனை கணக்கு.

ஆக்சாலிக் அமிலத்தை வைத்துச் செய்தால் ஒரு சோதனைக்கு வழி இருக்கிறது. ஒரே வடிநீரைக் காரத்தாலும் பெர்மாங்கனேட்டாலும் தரம் பார்க்கலாம். காரம் எஞ்சிய அமிலத்தை மட்டும் எண்ணும். பெர்மாங்கனேட்டோ, பொட்டாசியம் உப்பாகிப்போன ஆக்சலேட்டையும் சேர்த்து எண்ணும். இரண்டும் ஒத்துவராவிட்டால் சாம்பல் வேலை செய்திருக்கிறது. ஒத்துவந்தால் சாம்பல் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கால்சியம் ஆக்சலேட் வீழ்படிவாகக் கரியோடே வடிதாளில் தங்கிவிடும்; அந்தத் திருட்டை இந்தச் சோதனை பிடிக்காது.

எனவே கரியை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, கழுவியதற்கும் கழுவாததற்கும் தனித்தனியே கோடு வரைந்து இரண்டையும் வெளியிடுவதுதான் முறை. கழுவுவதிலும் பொறுமை வேண்டும். கரித்துளைகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிச்சமிருந்தால் வடிநீரில் அமிலம் கூடி, பிழை எதிர்ப்பக்கம் சாயும். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு, அது கலங்காத நிலை வரும்வரை கழுவ வேண்டும்.