மலைக் காற்றின் வேகமும் கருவிகளின் பிழையும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் கார், லாரி ஆலைகளுக்கு நடுவே காற்றாலைப் பாகங்களும் உருவாகின்றன. அங்கே வெஸ்டாஸ் ஆலையில் பொருத்தப்படும் நாசெல் என்பது காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் அமரும் இயந்திரக் கூடு. அதன் முதுகில் கையடக்கமான ஒரு காற்றுவேகமானி இருக்கும். அக்கருவியின் வரலாற்றில் மலைகள் எழுப்பிய சிக்கல் ஒன்று உண்டு.

நீலகிரியின் தொட்டபெட்டாவில் 1847இலேயே வானிலைப் பதிவு நடந்தது. சென்னை வானாய்வகத்தின் டி. ஜி. டெய்லர் அதை மேற்பார்த்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அயர்லாந்தில் தாமஸ் ராம்னி ராபின்சன் நான்கு கிண்ணங்கள் சுழலும் வேகமானியை அறிவித்திருந்தார். கிண்ணம் எந்த அளவாயினும் காற்றின் வேகம் அதன் வேகத்தைப்போல் மூன்று மடங்கு என்பது அவர் கணிப்பு. அது தவறு. கிண்ணத்தின் அளவும் தண்டின் நீளமும் மாறினால் மடங்கும் மாறும். பிரிட்டனின் வழக்கமான கருவிக்கு 2.2 மடங்குதான் சரி என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்கப்பட்டது. மூன்றால் பெருக்கி எழுதிய பதிவேட்டில் 30 மைல் என்றிருந்தால் அதை 22 என்றே கொள்ள வேண்டும். பழைய புயல் கணக்குகளை எடுத்தாளும் பலர் இதைக் கவனிப்பதில்லை.

1879இல் ஸ்காட்லாந்தின் டே பாலம் புயலில் சரிந்தபின், காற்றின் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் முயற்சிகள் வலுத்தன. டபிள்யூ. எச். டைன்ஸ் 1892இல் கொண்டுவந்த அழுத்தக் குழாய்க் கருவி, கிண்ணம் தவறவிட்ட திடீர் வீச்சுகளையும் தாளில் கோடிட்டுக் காட்டியது. ஆனால் அழுத்தம் காற்றின் அடர்த்தியையும் பொறுத்தது. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடல்மட்டத்துக்கு அளவுதிருத்திய குழாய்க் கருவியை அங்கே அப்படியே வைத்தால் வேகத்தைச் சுமார் 11 சதவீதம் குறைத்துக் காட்டும். காற்றாலைக்காரருக்கு இது சிறு பிழையல்ல. மின்திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால் கணக்கில் முப்பது சதவீதம் போய்விடும். கிண்ணத்துக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. 1926இல் மூன்று கிண்ண வடிவத்தை உருவாக்கிய கனடாக்காரர் ஜான் பேட்டர்சன், முன்பு அலகாபாத்தில் இயற்பியல் கற்பித்துவிட்டு இந்திய வானிலைத் துறையிலும் பணியாற்றியவர்.

இந்தியாவில் இக்கருவிகளைத் தரப்படுத்தியதில் அன்னா மணிக்குப் பெரும் பங்குண்டு. பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். நூறு வகைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, உள்நாட்டுத் தயாரிப்புக்கு வழிசெய்தார். ஓய்வுக்குப் பின் பெங்களூரில் காற்று, சூரிய ஆற்றல் அளவிகள் செய்யும் சிறு பட்டறை நடத்தினார். அவர் தலைமையில் 700க்கும் மேற்பட்ட இடங்களில் காற்று அளக்கப்பட்டது. தமிழகத்தில் காற்றாலைகள் குவிந்தது மலையுச்சிகளில் அல்ல, கணவாய்களின் வாயில்தான். மலை நிலையத்துப் பழைய பதிவேடு காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலுக்கு உதவாது; அருகிலுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கப்பட்டு வரும் காற்றை அங்கேயே கம்பம் நட்டுத்தான் அளக்க முடியும்.

இன்றைய நாசெல்களில் பெரும்பாலும் மீயொலி வேகமானி. ஒலித்துடிப்பு காற்றோடு போகும் நேரத்தையும் எதிர்த்து வரும் நேரத்தையும் ஒப்பிடுவதால் ஒலியின் வேகம் கணக்கில் அடிபட்டுப் போகிறது; அடர்த்திச் சிக்கலும் இல்லை. வேறொரு குறை உண்டு: அது இறக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் கலைந்த காற்றையே அளக்கிறது. ஆகவே காற்றாலையின் திறனைச் சோதிக்கும்போது, இறக்கைச் சுற்றின் விட்டத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு தள்ளித் தனிக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் கிண்ண வேகமானியைப் பொருத்துவதே இன்றும் வழக்கம்.