புனேயிலிருந்து திருப்பூர் வரை ஒரு குப்பி

கட்டைவிரல் உயரம்தான் இருக்கும் அந்தக் கண்ணாடிக் குப்பி. உள்ளே ஐந்து மில்லி, பத்துப் பேருக்கான மருந்து. ஒரு ஆளுக்கு அரை மில்லி. அந்த அரை மில்லிக்குள் 5,000 கோடி வைரஸ் துகள்கள். சிம்பன்சிக்குச் சளி பிடிக்க வைக்கும் ஒரு வைரஸை, மனித உடலில் பெருக முடியாதபடி முடக்கி, கொரோனாவின் முள் புரதத்துக்கான குறிப்பை அதன் முதுகில் ஏற்றியிருந்தார்கள் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள். அந்தக் குறிப்பு 2020 ஜனவரியில் வெளியான வூஹான் வைரஸின் மரபணு வரிசையிலிருந்து எடுத்தது. இதை மறந்துவிடக் கூடாது. குப்பி எங்கே போனாலும், எந்த மாதத்தில் திறந்தாலும், அது காட்டிக்கொடுக்கும் முகம் 2020 ஜனவரியின் முகம்.

புனே சீரம் நிறுவனத்தில் கோவிஷீல்டு என்ற பெயரோடு நிரம்பிய குப்பிகள் 2021 ஜனவரி 12 அன்று சென்னையில் விமானத்திலிருந்து இறங்கின. முதல் தவணையில் 5,36,500 டோஸ். அங்கிருந்து குளிர்வண்டியில் கோவைக்கு, கோவையிலிருந்து திருப்பூருக்கு. வழியெல்லாம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் மருந்து கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், பெட்டியில் ஐஸ்பேக்கை அடுக்கும் முன் அதை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் குப்பிக்குப் பக்கத்தில் இடம்.

இத்தனை பத்திரமாக வந்த மருந்து யார் கைக்குப் போனது? மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், 45 முதல் 59 வயதுக்குள் இணைநோய் உள்ளவர்களுக்கும் என்றது மத்திய அரசு. இணைநோய்ப் பட்டியலில் 20 நோய்கள்; டாக்டரின் சான்றிதழும் வேண்டும். வெறும் சர்க்கரை போதாது. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட சர்க்கரை, அல்லது அதனால் வந்த பாதிப்பு, அதோடு ரத்த அழுத்தத்துக்கும் சிகிச்சை என்றால்தான் இடம். 45 வயதுக்குக் கீழே என்றால் டயாலிசிஸில் இருப்பவருக்கும் பட்டியலில் இடமில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிப் பவர்டேபிளில் தைக்க உட்கார்ந்திருப்பவர்கள், கட்டிங்கில் நிற்பவர்கள், நூற்பாலையில் பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்து நெஞ்சு கனத்தவர்கள் பெரும்பாலும் அந்த வயதுக்குக் கீழேதான்.

மே 20 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 18 முதல் 44 வயது வரையானோருக்கான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிவைக்கத் தேர்ந்தெடுத்த இடம், திருப்பூர் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா. தொழிலாளியைத் தேடி ஊசி வந்தது சரியான முடிவு. இன்றும் அதைப் பாராட்டத் தோன்றுகிறது. ஆனால் அதற்குள் கொரோனாவின் டெல்டா வகை ஊரெல்லாம் பரவிவிட்டது. ஒரு வாரம் முன்புதான், மே 13 அன்று, இரண்டாம் டோஸுக்கான இடைவெளியை 12 முதல் 16 வாரமாக நீட்டியிருந்தார்கள். அன்று கை நீட்டியவர், ஆகஸ்ட் வரை ஒரே ஊசியின் துணையோடு டெல்டாவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அறிகுறியோடு வரும் டெல்டா தொற்றை ஒரு டோஸ் சுமார் 30 சதவீதமும், இரண்டு டோஸ் 67 சதவீதமும் தடுத்தன என்று பிரிட்டன் கணக்கு சொன்னது.

"ஏனுங்க, எனக்குச் சர்க்கரை இருக்குதுங்க, போட்டுக்கலாமுங்களா?" என்ற கேள்விக்கு அந்த நாட்களில் பதில் சொல்லிச் சொல்லி நர்ஸ்களுக்குத் தொண்டை வற்றியிருக்கும். உங்களுக்குத்தான் முதலில் போட வேண்டும் என்பதே பதில். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் குறைகிறது, சீக்கிரமும் தேய்கிறது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் நிலை இன்னும் கடினம். எம்.ஆர்.என்.ஏ ஊசி போட்டுக்கொண்ட உறுப்பு மாற்று நோயாளிகளை அமெரிக்காவில் சோதித்தபோது, இரண்டு டோஸுக்குப் பிறகும் 54 சதவீதம் பேருக்குத்தான் எதிர்ப்புப் பொருள் தென்பட்டது. ஒரே மருந்து எல்லா உடம்பிலும் ஒரே அளவு வேலை செய்யாது.

அப்படியானால் ஊசி வீணா? நம் மாநிலத்துக் கணக்கே பதில் சொல்கிறது. 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, டெல்டா உச்சத்தில் இருந்தபோது, தமிழ்நாட்டுக் காவல்துறையில் 31 பேர் கொரோனாவால் இறந்தார்கள். ஊசியே போடாத 17,059 பேரில் 20 மரணம். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7. இரண்டும் போட்ட 67,673 பேரில் 4. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஊழியர்களிடமும் இதே கதைதான்: இரண்டு டோஸ் தொற்றை 65 சதவீதம் தடுத்தது, ஐ.சி.யு. வரை போவதை 94 சதவீதம் தடுத்தது. வைரஸ் முகத்தை மாற்றிக்கொண்டு எதிர்ப்புப் பொருளை ஏமாற்றலாம். உடலின் எதிர்ப்பு அணியில் உள்ள டி செல்கள் முகத்தை மட்டும் நம்புவதில்லை. புரதத்தின் துண்டு துண்டான அடையாளங்களைப் பிடித்துக்கொள்கின்றன.

2021 டிசம்பரில் ஒமைக்ரான் வந்தது, முள் புரதத்தில் மட்டும் 30-க்கு மேற்பட்ட மாற்றங்களோடு. கோவிஷீல்டு இரண்டு டோஸ் போட்டு ஐந்து மாதம் ஆனவர்களுக்கு, தொற்றைத் தடுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றானது. மூன்றாவது ஊசி 2022 ஜனவரி 10 அன்று தொடங்கியபோது, முன்களப் பணியாளர்களை விட்டால், 60 வயதைத் தாண்டிய இணைநோயாளிகளுக்கு மட்டும். ஐம்பது வயதுச் செக்கிங் அக்காவுக்குச் சர்க்கரை இருந்தாலும் ஏப்ரல் வரை வழியில்லை. ஏப்ரலிலும் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துத்தான். இலவசமாகக் கிடைத்தது ஜூலை 15 முதல் 75 நாள். நோயை வைத்து வரிசை போட்டிருக்க வேண்டிய இடத்தில் வயதை வைத்துப் போட்டார்கள். அது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

குப்பியின் பயணம் முடிந்துவிட்டது. 2021 டிசம்பரோடு கோவிஷீல்டு தயாரிப்பைச் சீரம் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. வைரஸ் நிறுத்தவில்லை, ஜே.என்.1 என்ற வகையையும் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை. ஒன்றரை ஷிப்ட் முடித்து நீங்கள் திரும்பும் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அடுத்த முறை அவர் மாத்திரை வாங்கப் போகும்போது, சர்க்கரை நோட்டை டாக்டரிடம் நீட்டி, "எனக்குக் கொரோனா ஊசி இன்னொன்று வேணுமா? ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி?" என்று கேட்கச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் போங்கள்.