கண்ணாடி போட்டவரும் எதிரே நிற்பவரும்

ஸ்மார்ட் கண்ணாடியின் கதையைப் பலரும் கூகுளில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அது ரொம்பப் பழைய கதை. 1968-இலேயே ஐவன் சதர்லேண்ட், தலையில் மாட்டிக்கொள்ளும் கணினித் திரை ஒன்றை ஹார்வர்டில் செய்துவிட்டார். கூரையிலிருந்து தொங்கிய ஓர் இயந்திரக் கையோடு அதைப் பிணைத்திருந்தார்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அந்தக் கைதான் கணினிக்குச் சொல்லும். அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கவெல்லாம் முடியாது.

1990 வாக்கில் விமானம் கட்டும் போயிங்கில் ஒரு யோசனை வந்தது. விமானத்துக்குள் ஓடும் வயர்களை வரைபடம் பார்த்துப் பார்த்துக் கட்டாகச் சேர்ப்பது பெரிய தலைவலி பிடித்த வேலை. அந்தப் படம் தொழிலாளியின் கண்ணெதிரே, பலகையின் மேலேயே தெரிந்தால்? டாம் காடெல், டேவிட் மிசெல் என்ற இருவர் இதை 1992-இல் கட்டுரையாக எழுதினார்கள். ‘ஆக்மெண்டட் ரியாலிட்டி’ என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். இந்த வயர் கட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

எம்ஐடியில் தாட் ஸ்டார்னர் 1993 முதல் தினமும் உடம்பில் கணினியோடே திரிந்தவர். கண் முன்னால் குட்டித் திரை, ஒரு கையில் விசைப்பலகை. அவரும் அவருடைய சகாக்களும் செய்த ஒரு மென்பொருள், நீங்கள் தட்டச்சு செய்வதைக் கவனித்து, அதற்குத் தொடர்பான உங்கள் பழைய குறிப்புகளைத் தானாகவே எடுத்துக் காட்டும். இன்றைய ஏஐ உதவியாளருக்கு அது பாட்டன் முறை. இதே ஸ்டார்னர்தான் பிறகு கூகுள் கிளாஸின் தொழில்நுட்பத்துக்கு வழிகாட்டினார்.

2013-இல் 1,500 டாலருக்கு அந்தக் கண்ணாடி கைக்கு வந்தது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது, விலையும் கொள்ளை. ஆனால் அதைக் கவிழ்த்தது எதிரே இருந்தவர்களின் கோபம் என்பதுதான் என் கணிப்பு. ‘நம்மைப் படம் எடுக்கிறானா, இல்லையா?’ என்பது அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. பொதுமக்களுக்கு விற்பனை தொடங்கும் முன்பே சியாட்டிலில் ஒரு மதுக்கடை அதற்குத் தடை போட்டது. 2015 ஜனவரியில் விற்பனையே நின்றுபோனது.

இந்தக் கோபம் புதுசும் கிடையாது. 1888-இல் கோடாக் கேமரா வந்து, யார் வேண்டுமானாலும் யாரையும் படமெடுக்கலாம் என்று ஆனது. இரண்டே வருஷத்தில் வாரன், பிராண்டைஸ் என்ற வழக்கறிஞர்கள் அந்தரங்க உரிமை பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நொடியில் எடுக்கும் புகைப்படத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

தெருவில் தோற்ற கூகுள் கிளாஸ் தொழிற்சாலைக்குள் நன்றாகவே பிழைத்தது. அங்கே முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் போயிங்கும் உண்டு. வேலை? அதே வயர் கட்டுதான்! வேலை நேரம் 25 சதவீதம் குறைந்ததாக அவர்கள் கணக்குச் சொன்னார்கள். எதிரே இருந்தது வயர், மனுஷன் இல்லை. சண்டைக்கு யார் வருவார்கள்?

அதே கண்ணாடியின் தொழில்துறை மாதிரியை எடுத்து, பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் கருவியாக மாற்றியது என்விஷன் நிறுவனம். நெதர்லாந்தில் அதைத் தொடங்கியவர்கள் இரண்டு கார்த்திக்குகள்: கார்த்திக் மகாதேவன், கார்த்திக் கண்ணன். கடிதத்தை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தால் போதும், காதில் வாசித்துவிடும். அதற்காக இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதில்லை.

இப்போது கடைகளில் கிடைக்கிற ரே-பான் மெட்டா 2023-இல் வந்தது. அதில் திரையே இல்லை. கேமரா, மைக், காதோரம் ஒலிபெருக்கி, அவ்வளவுதான். ‘இது என்ன செடி?’, ‘இந்த மெனுவை மொழிபெயர்’ என்று கேட்டால், படம் போன் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய் அங்கிருந்து பதில் வருகிறது. புத்தி இருப்பது அந்தக் கணினியில்தான், கண்ணாடியில் இல்லை. பதில் தப்பாக இருந்தாலும் குரலில் தயக்கமே இருக்காது. செடியின் பெயர் மாறினால் பரவாயில்லை. பார்வையற்றவர் மாத்திரை அட்டையைக் காட்டிக் கேட்கும்போது அப்படி விட்டுவிட முடியாது, இல்லையா?

பார்க்க இது சாதாரணக் கறுப்புக் கண்ணாடி மாதிரியே இருக்கிறது. கூகுள் கிளாஸைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு விலகிப்போகலாம், இதில் அதற்கும் வழியில்லை. படமெடுக்கும்போது ஃபிரேமில் ஒரு வெள்ளை விளக்கு எரியும், எதிரே நிற்பவருக்குக் கிடைக்கும் தகவல் அது ஒன்றுதான். 2021-இல் வந்த முதல் மாதிரியைப் பார்த்து, இவ்வளவு சின்ன விளக்கு போதுமா என்று அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கேட்டது. அடுத்த மாதிரியில் விளக்கு பெரிதானது.

2024-இல் ஹார்வர்ட் மாணவர்கள் இருவர் இந்தக் கண்ணாடியிலிருந்து நேரலையாகப் போன வீடியோவை, முகம் வைத்து ஆளைத் தேடும் இணையதளத்தோடு இணைத்தார்கள். ரயிலில் முன்பின் தெரியாதவர்களைப் பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தார்கள். செய்துகாட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள், நிரலை வெளியிடவில்லை. கண்ணாடியில் அவர்கள் எந்த மாற்றமும் செய்யவில்லை, கடையில் வாங்கியதுதான்.